கம்பியிலிருந்து கதிருக்கு: ஒளிக்காவல் மணியின் வரலாறு

வாசலின் ஒரு பக்கத்தில் பொருத்திய லேசர் விளக்கிலிருந்து புறப்படும் ஒளிக்கற்றை மறுபக்கத்து உணரியின் மீது விழுந்துகொண்டிருக்கும் வரை அமைதியாக இருந்து, யாரேனும் குறுக்கே நடந்து அதை மறித்தவுடன் ஒலிக்கத் தொடங்கும் எச்சரிக்கை மணி, இன்று பள்ளி மாணவர்கள் அறிவியல் கண்காட்சிக்காக வீட்டிலேயே செய்துமுடிக்கும் எளிய கருவியாகிவிட்டது. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் அதற்குரிய உறுப்புகள் அனைத்தும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆயினும் இக்கருவி ஒரு நாட்டில், ஒருவர் கையில் உருவானதன்று. வீட்டுக் கதவு, கடலடித் தந்தி, பேசும்படக் கொட்டகை, குறுந்தட்டுக் கருவி என்று ஒன்றுக்கொன்று தொலைவான துறைகளில் பிறந்த உறுப்புகள் ஒன்றரை நூற்றாண்டில் ஒன்றுகூடி அமைந்தது. அவற்றை இணைத்து நிற்கும் கோட்பாடு ஒன்றே: ஆபத்து வந்தபின் செய்தி அனுப்புவதைவிட, ஆபத்து இல்லை என்னும் குறிப்பை இடைவிடாது அனுப்பிக்கொண்டிருந்து, அக்குறிப்பு நின்றுபோவதையே எச்சரிக்கையாகக் கொள்வது மேலானது. செப்புக் கம்பியில் வேரூன்றிய இக்கோட்பாடு ஒளிக்கதிருக்கு இடம்பெயர்ந்ததே ஒளிக்காவலின் வரலாறு எனலாம்.

கதவும் கம்பியும்

மின்சாரத்தால் இயங்கும் திருட்டு எச்சரிக்கை மணிக்கான காப்புரிமையை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சோமர்வில் ஊரைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸல் போப் 1853 ஜூன் 21 அன்று பெற்றார். அவருடைய அமைப்பில் ஒவ்வொரு கதவும் சன்னலும் ஒரு மின்தொடர்பி வழியாகப் பேட்டரியுடன் இணைக்கப்பட்டிருந்தன. கதவு திறந்தவுடன் சுற்று மூடிக்கொள்ள, மின்காந்தத்தின் அதிர்வு ஒரு சுத்தியலுக்குச் சென்று பித்தளை மணியை அடித்தது. திறந்த கதவைத் திருடன் உடனே சாத்திவிட்டாலும் மணி ஓயாதபடி, கதவுக்கு மேலே சுவரில் பொருத்திய ஒரு வில் மின்னோட்டத்தைத் தொடர்ந்து பிடித்துவைத்திருந்தது. ஒருமுறை தூண்டப்பட்ட மணி, தூண்டுதல் நீங்கிய பின்னும் ஓயாமல் ஒலிக்கச் செய்யும் இப்பூட்டுமுறை, பிற்காலத்து எச்சரிக்கைக் கருவிகள் அனைத்திலும் வேறு வேறு வடிவங்களில் தொடர்ந்து வருகிறது.

1857இல் போப்பின் உரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ் என்னும் வணிகர் 1858இல் பாஸ்டனில் இம்மணிகளை விற்கத் தொடங்கி, அடுத்த ஆண்டே நியூயார்க்கிற்குத் தம் தொழிலை விரிவாக்கினார். வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் செல்லும் கம்பிகள் ஒரு பொது அலுவலகத்தில் வந்து முடிய, அங்கே இரவெல்லாம் ஆட்கள் விழித்திருந்து கவனிக்கும் மைய நிலைய முறையை அவருடைய நிறுவனம் வளர்த்தது. அவருடைய மகன் எட்வின் தாமஸ் ஹோம்ஸ் 1877 மே மாதம் பாஸ்டனில் அதே காவல் கம்பிகளில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் தொலைபேசிகளை இணைத்துக் காட்டினார். பகலில் பேச்சையும் இரவில் காவலையும் ஒரே கம்பி சுமந்தது.

போப்பின் முறையில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. இயல்பான நிலையில் மின்னோட்டம் இல்லாத திறந்த சுற்று அது என்பதால், கம்பியை முன்கூட்டியே அறுத்துவிட்டால் மணி ஊமையாகிவிடும்; அறுந்த கம்பியையும் அமைதியான வீட்டையும் வேறுபடுத்தி அறிய வழியில்லை. இதற்கு மாற்றாக வந்தது மூடிய சுற்று முறை: மின்னோட்டம் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருந்து ஒரு மின்காந்தத்தின் நாவை இழுத்துப் பிடித்திருக்கும்; கதவு திறந்தாலும், கம்பி அறுந்தாலும், அந்தச் சுற்றின் பேட்டரி தீர்ந்தாலும் மின்காந்தம் பிடியை விட்டுவிட, தனியாக வைக்கப்பட்ட வேறொரு பேட்டரியால் மணி ஒலிக்கும். இதே கோட்பாட்டை ரயில் பாதைக்குக் கொண்டுவந்த அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ராபின்சன் 1872இல் தண்டவாளச் சுற்றுக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தில் மின்னோட்டம் தடையின்றிச் சென்று திரும்பினால்தான் பாதை காலியாக இருப்பதாகப் பொருள் என்பதும், தண்டவாளம் உடைந்தால்கூடச் சைகை தானே சிவப்புக்கு மாறும் என்பதும் அதன் சிறப்பு. கருவி தான் பழுதுபட்டதையும் ஆபத்தாகவே அறிவிக்க வேண்டும் என்னும் இந்த நெறியே பின்னாளில் ஒளிக்கற்றைக்கும் பொருந்தியது.

கடலடித் தந்தியும் செலினியமும்

ஒளியை மின்சாரத்தோடு இணைத்த கண்டுபிடிப்பு, காவலுக்குச் சற்றும் தொடர்பில்லாத தந்தித் தொழிலில் நேர்ந்தது. கடலடித் தந்திவடத்தைக் கப்பலிலிருந்து இறக்கும்போதே அது பழுதின்றி இருக்கிறதா என்று கரையிலிருந்து தொடர்ந்து சோதிப்பதற்கு மிக உயர்ந்த மின்தடை கொண்ட ஒரு பொருள் தேவைப்பட்டது. அதற்காக, ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1817இல் கண்டறிந்த செலினியம் என்னும் தனிமத்தை, இங்கிலாந்தின் தந்திவட நிறுவனம் ஒன்றில் தலைமை மின்னியலாளராக இருந்த வில்லோபி ஸ்மித் தேர்ந்தெடுத்தார். 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளமும் 1 முதல் 1½ மில்லிமீட்டர் விட்டமும் உள்ள செலினியக் குச்சிகள், இரு முனையிலும் பிளாட்டினக் கம்பி வெளியே நீண்டிருக்கும்படி கண்ணாடிக் குழாய்களில் அடைக்கப்பட்டன. ஆனால் அவற்றின் மின்தடை ஒரு நிலையில் நிற்காமல் மாறிக்கொண்டே இருந்தது. அயர்லாந்தின் வலென்சியா தந்தி நிலையத்தில் பணியாற்றிய ஸ்மித்தின் உதவியாளர் ஜோசப் மே, அம்மாறுதலுக்குக் காரணம் ஒளியே என்று கவனித்தார்.

ஸ்மித் இதை முறையாகச் சோதித்து எழுதிய கடிதம் 1873 பிப்ரவரியில் வெளியாயிற்று. நகர்த்தும் மூடி கொண்ட பெட்டிக்குள் குச்சிகளை வைத்து மூடியபோது மின்தடை மிக உயர்ந்து நிலையாக நின்றது. மூடியை நீக்கியவுடன், விழும் ஒளியின் அளவுக்கேற்ப மின்கடத்துதிறன் 15 முதல் 100 சதவீதம் வரை கூடியது. விளைவு வெப்பத்தால் ஏற்பட்டதன்று என்று உறுதிசெய்வதற்காக ஒரு குச்சியைத் தண்ணீருக்கடியில் வைத்து, மேலே மெக்னீசிய நாடாவை எரித்தபோது மின்தடை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சட்டென்று இறங்கி, சுடர் அணைந்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. இச்சோதனைகளில் காவற்கருவியின் வரலாற்றுக்கு மிக நெருக்கமானது வேறொன்று: சில அடி தொலைவில் எரிந்துகொண்டிருந்த சாதாரண வாயு விளக்கின் முன்னே கையை நீட்டி ஒளியை மறித்தபோது, செலினியத்தின் மின்தடை 15 முதல் 20 சதவீதம் உயர்ந்தது. ஒளிமூலம், இடைவெளி, குறுக்கே வரும் மனித உடல், அதை உணரும் மின்சுற்று என்று ஒளிக்காவலின் நான்கு கூறுகளும் ஒரே சோதனையில் அமைந்துவிட்டன.

எனினும் அச்சோதனையிலிருந்து பயன்தரும் மணி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. செலினியம் மெதுவாக வினைபுரிந்தது. ஒரு குச்சியின் இயல்பு மற்றொன்றின் இயல்போடு ஒத்திருக்கவில்லை. 15 சதவீத மாற்றம் ஒரு மணியை நேரடியாக இயக்கப் போதுமானதாகவும் இல்லை. பெல்லும் சார்ல்ஸ் சம்னர் டெய்ன்டரும் 1880இல் வாஷிங்டன் நகரில், செலினிய உணரியின் துணையோடு, 213 மீட்டர் தொலைவுக்குச் சூரிய ஒளிக்கற்றையில் பேச்சை அனுப்பியது அக்காலத்தின் பெரும் சாதனை. ஒளியை உணரும் அதே இயல்பை வேறொரு பொருளில் கண்டவர் கல்கத்தாவில் ஆய்வு செய்த ஜகதீஷ் சந்திர போஸ். காரீயத் தாதுவான கலீனாப் படிகத்தை உணரியாகக் கொண்ட அவருடைய கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை 1904இல் வழங்கப்பட்டது. வானொலி அலைகளை மட்டுமின்றி ஒளியையும் அது உணர்ந்தது. குறைகடத்தி என்று பின்னாளில் அழைக்கப்பட்ட பொருள்களுக்குக் கிடைத்த மிகத் தொடக்ககாலக் காப்புரிமைகளுள் அது ஒன்று.

மின்கண்ணின் காலம்

இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு வழி திறந்தது. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1887இல் புற ஊதா ஒளி படும் உலோகங்களுக்கிடையே மின்பொறி எளிதாகத் தாவுவதைக் கண்டார்; ஒளி பட்டால் உலோகப் பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும் இந்நிகழ்வே ஒளிமின் விளைவு எனப்படுகிறது. ஜெர்மனியின் வோல்ஃபன்பூட்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர்களான யூலியஸ் எல்ஸ்டரும் ஹான்ஸ் கைட்டலும், சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கே இவ்வாறு வினைபுரிவதைக் கண்டு, அவற்றைக் கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்து ஒளிமின்கலங்களைச் செய்தனர். விளைவுக்குரிய விளக்கத்தை ஐன்ஸ்டைன் 1905இல் அளித்தார். 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது குறிப்பிடப்பட்ட பணி அதுவே.

ஒளிமின்கலம் செலினியத்தைவிடப் பன்மடங்கு விரைவானது. ஆனால் அது தரும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்குகள் மட்டுமே. அதைப் பெருக்கி ஒரு ரிலேயை, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய சுற்றைத் திறந்து மூடும் மின்காந்த விசையை, இயக்குவதற்கு லீ டி ஃபாரஸ்ட் 1906இல் உருவாக்கிய மூன்றுமுனை வால்வு வேண்டியிருந்தது. இவ்விரண்டின் இணைப்புக்குப் பெரும் சந்தையைத் தந்தது பேசும்படம். படச்சுருளின் ஓரத்தில் பதிந்த ஒலித்தடத்தின் ஊடே செல்லும் ஒளி ஏறி இறங்க, ஒளிமின்கலம் அதை மின்னோட்டமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பியது. 1931இல் 'காளிதாஸ்' என்னும் பேசும்படம் வெளிவந்த பின்னர் தமிழகத்தில் பெருகிய பேசும்படக் கொட்டகைகளின் ஒலித்தடப் படக்கருவிகளுக்குள்ளும் இதே உறுப்பு இருந்தது. திரைத்துறைக்காகப் பெருமளவில் செய்யப்பட்டதால் விலை குறைந்த ஒளிமின்கலம், 'மின்கண்' என்ற பெயரோடு தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் வங்கிகளுக்கும் பரவியது.

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து வெஸ்ட் ஹேவன் ஊரில், 1931ஆம் ஆண்டு ஓர் உணவகத்தின் சமையலறைக்கும் கூடத்திற்கும் இடையே, தட்டு ஏந்தி வரும் பரிமாறுநர் ஒளிக்கற்றையைக் கடந்ததும் தானே திறக்கும் கதவு பொருத்தப்பட்டது. அங்கே கதவைத் திறந்த அதே மறிப்பு, காவற்கருவிகளில் மணியை அடித்தது. காவலுக்குப் பயன்பட்ட கருவியில் சாதாரண மின்விளக்கின் ஒளி வில்லையால் குவிக்கப்பட்டு அறையின் குறுக்கே அனுப்பப்பட்டது. விளக்கு கண்ணில் பட்டால் திருடன் தாண்டிச் சென்றுவிடுவான் என்பதால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை மட்டும் கடத்தும் வடிகண்ணாடி அதன் முன் வைக்கப்பட்டது. 1929 அளவில் உருவான வெள்ளி, ஆக்சிஜன், சீசியம் கலந்த பூச்சு அகச்சிவப்பையும் உணரும் ஆற்றல் பெற்றிருந்ததால் இது இயன்றது. ஆயினும் விளக்கு, வில்லை, வால்வுகள், உயர் மின்னழுத்தம் ஆகிய அனைத்தும் வேண்டியிருந்த அக்கருவி, செல்வர் வீட்டுக்கும் வங்கிப் பெட்டகத்துக்கும் உரியதாகவே நின்றது.

மேசைக்கு இறங்கிய உறுப்புகள்

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பின் இந்நிலை மாறியது. சூடேற வேண்டிய வால்வுக்கு மாறாகச் சில வோல்ட் பேட்டரியிலேயே மின்னோட்டத்தைப் பெருக்கும் உறுப்பு கிடைத்தது; அதே ஆய்வகத்தின் ஜான் ஷைவ் ஒளியால் திறக்கும் ஒளி டிரான்சிஸ்டரை 1950இல் அறிவித்தார். செலினியத்தின் இடத்தைக் காட்மியம் சல்ஃபைடு பிடித்தது. மெல்லிய பீங்கான் வில்லையின் மீது வளைந்து வளைந்து செல்லும் பழுப்புநிறக் கோடாகத் தெரியும் இப்பூச்சே எல்.டி.ஆர். என்னும் ஒளிசார் மின்தடையம். இருட்டில் பத்து லட்சம் ஓம் அளவுக்கு உயரும் அதன் மின்தடை, வலுவான ஒளியில் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். ஸ்மித்தின் செலினியம் காட்டிய 15 சதவீத மாற்றத்தோடு இந்த ஆயிரம் மடங்கு மாற்றத்தை ஒப்பிட்டால், ஒற்றை டிரான்சிஸ்டரே இன்று போதுமானதாக இருப்பதன் காரணம் விளங்கும். காட்மியம் நச்சுத்தன்மை கொண்டது என்பதால் 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியுள்ளது; எனவே பழுதான எல்.டி.ஆர்.களைக் குப்பையோடு எரிப்பது தகாது.

போப் சுவரில் பொருத்திய வில்லின் பணியை, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1957இல் அறிமுகப்படுத்திய எஸ்.சி.ஆர். என்னும் உறுப்பு மேற்கொண்டது. வாயில் முனையில் ஒருமுறை சிறு மின்துடிப்பு வந்தால் திறந்துகொண்டு, மின்வழங்கல் நிறுத்தப்படும் வரை மூடாமல் இருப்பது அதன் இயல்பு. 1971இல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972இல் வெளியிட்ட 555 என்னும் ஐ.சி., மணி எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை ஒரு மின்தடையத்தாலும் ஒரு மின்தேக்கியாலும் அளந்து வைக்க உதவியது.

கடைசியாக வந்து சேர்ந்தது லேசர். தியோடர் மெய்மன் 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபு நகரத்து ஹியூஸ் ஆய்வகத்தில் மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் துடிப்பை வெளிப்படுத்தினார். அதே ஆண்டு டிசம்பரில் அலி ஜவானும் அவருடைய துணைவர்களும் ஹீலியம், நியான் வாயுக்களிலிருந்து இடைவிடாத கற்றையைப் பெற்றனர்; 1962இல் அது சிவப்பு நிறத்தில் கிடைத்தது. அதே 1962இல் ராபர்ட் ஹால் குறைகடத்திப் படிகத்திலேயே லேசரை உண்டாக்கினார் என்றாலும், அதற்குக் கடுங்குளிர் வேண்டியிருந்தது. அறை வெப்பநிலையில் தொடர்ந்து ஒளிரும் குறைகடத்தி லேசரை 1970இல் லெனின்கிராடில் ஷோரெஸ் அல்ஃபெரோவின் குழுவும், பெல் ஆய்வகத்தில் இசுவோ ஹயாஷி, மார்ட்டன் பானிஷ் இருவரும் உருவாக்கினர். 1982இல் சந்தைக்கு வந்த குறுந்தட்டுக் கருவிகள் இவ்வுறுப்பைப் பெருந்திரளாகச் செய்யவைத்தன. சிவப்பொளி தரும் வகையும் மலிவானதும், அது 1990களில் சுட்டுவிளக்காகக் கைக்கு வந்தது. பேசும்படம் ஒளிமின்கலத்துக்குச் செய்ததை, இசை கேட்கும் தட்டு லேசருக்குச் செய்தது.

வீட்டுக் கருவியின் செயல்முறை

வீட்டில் செய்யப்படும் ஒளிக்காவலை இவ்வரலாற்றின் வெளிச்சத்தில் பார்த்தால் அதன் ஒவ்வோர் உறுப்பின் பொருளும் தெளிவாகும். 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு 10 கிலோ ஓம் மின்தடையமும், அதைத் தொடர்ந்து எல்.டி.ஆரும் இணைக்கப்பட்டு எதிர்முனையில் முடிகின்றன. இரண்டும் சந்திக்கும் இடம் டிரான்சிஸ்டரின் அடிமுனைக்குச் செல்கிறது. லேசர் ஒளியில் எல்.டி.ஆர். 500 ஓமுக்கு இறங்கியிருந்தால் அச்சந்திப்பில் சுமார் 0.43 வோல்ட் மட்டுமே நிற்கும். டிரான்சிஸ்டர் திறக்க ஏறத்தாழ 0.6 வோல்ட் வேண்டும் என்பதால் அது மூடியே இருக்கும். கற்றை மறிக்கப்பட்டு எல்.டி.ஆரின் மின்தடை பல ஆயிரம் ஓமுக்கு உயர்ந்தவுடன் டிரான்சிஸ்டர் திறந்து, எஸ்.சி.ஆரைத் தூண்டி, மணியை ஒலிக்கச் செய்யும். அறையின் வெளிச்சம் உணரியைக் குழப்பாதிருக்க, அதைச் சுற்றிக் கறுப்புக் காகிதக் குழல் ஒன்றைச் சுருட்டி, அதன் வாய் லேசரை நோக்கியிருக்குமாறு ஒட்டுவது வழக்கம்.

சாதாரண விளக்கின் ஒளி வில்லையிட்டும் சில மீட்டரில் விரிந்து மங்கிவிடுகிறது. சுட்டுவிளக்கின் லேசர் கற்றையோ பத்து மீட்டர் சென்றும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே விரிகிறது. அதனால் கண்ணாடிகளை வைத்துக் கற்றையைத் திருப்பி ஒரு முற்றத்தைச் சுற்றி வளைக்கவும் இயலும். ஆனால் கண்ணாடி 1 பாகை சாய்ந்தால் கதிர் 2 பாகை திரும்பும். ஐந்து மீட்டர் தொலைவில் அது 17 சென்டிமீட்டர் விலகிவிடும். ஆகவே கண்ணாடியைச் சுவரில் அசையாமல் பதிப்பதே இவ்வேலையில் மிகப் பொறுமை வேண்டும் பகுதி.

இக்கருவியின் உண்மையான வலிமை அது பழுதுபடும் விதத்தில் வெளிப்படுகிறது. லேசரின் பேட்டரி தீர்ந்தாலும், எல்.டி.ஆருக்குச் செல்லும் கம்பி அறுந்தாலும், கண்ணாடி நகர்ந்தாலும் மணி ஒலிக்கும். மூடிய சுற்று தந்த பாதுகாப்பு இங்கே ஒளிக்கும் கிடைத்துள்ளது. ஆனால் மணியின் பேட்டரியே தீர்ந்துவிட்டால் அமைதிக்கும் பழுதுக்கும் வேறுபாடு தெரியாது. ஹோம்ஸின் மைய நிலையம் தேவைப்பட்டதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. இன்னொரு விளக்கை உணரியின் மீது அடித்துக்கொண்டே ஒருவர் கற்றையைக் கடந்தாலும் கருவி ஏமாந்துபோகும். 1962இல் அகச்சிவப்பு எல்.இ.டி. விற்பனைக்கு வந்த பின் தொழில்முறைக் கருவிகள் இதற்குத் தீர்வு கண்டன: ஒளி குறிப்பிட்ட வேகத்தில் துடிக்க, அத்துடிப்பை மட்டுமே ஏற்கும் பெறுகருவி மற்ற ஒளிகளைப் புறக்கணித்தது; பறவை பறந்து மணி அடிக்காதிருக்க இரண்டு கற்றைகள் ஒருசேர மறிக்கப்பட்டால்தான் எச்சரிக்கை எழும்படி அமைக்கப்பட்டது. வீட்டுக்குள் இன்று பெரும்பாலும் உடல் வெப்பத்தை உணரும் கருவிகள் காவல் செய்கின்றன. ஒளிக்கற்றை மதில்களுக்கும் தானியங்கிக் கதவுகளுக்கும் சென்றுவிட்டது. அமெரிக்காவில் 1993 முதல் செய்யப்படும், கார் கொட்டில்களின் மின்விசைக் கதவுகள், கீழே குழந்தை இருப்பதை ஒளிக்கற்றையாலோ அதற்கு ஈடான உணரியாலோ அறிந்து மீண்டும் மேலே உயர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. திருடனைப் பிடிக்கப் பிறந்த முறை உயிரைக் காக்கும் முறையாக உயர்ந்ததே இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பயன்.

இதைச் செய்ய முனைவோர் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது கண்ணின் பாதுகாப்பு: 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத லேசரையே பயன்படுத்தி, கற்றையை முழங்கால் உயரத்துக்குக் கீழே அமைத்து, தவழும் குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் உலவும் இடத்தையும் தெருவை நோக்கிய திசையையும் தவிர்க்க வேண்டும். இரண்டாவது, மணி ஒலித்ததும் வேலை முடிந்ததாகக் கருதாமல், ஒவ்வொரு கம்பியையும் ஒருமுறை கழற்றி, ஒவ்வொரு பேட்டரியையும் ஒருமுறை நீக்கி, அப்போது கருவி என்ன செய்கிறது என்று சோதித்து எழுதிவைக்க வேண்டும். மாணவருக்கு இக்கருவி கற்றுத்தரும் பாடம் அச்சோதனையில்தான் இருக்கிறது. ஆசிரியர்கள் கண்காட்சியில் மதிப்பெண் இடும்போது அக்குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது நன்று.